தாளிப்பு நின்ற செவ்வாய்க்கிழமை

வைரஸ்களுக்குக் குலம் கோத்திரம் பார்ப்பது என் உத்தியோகம். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த வைரஸ் எதற்குப் பங்காளி, எது எதற்கு ஒன்றுவிட்ட பெரியப்பா மகன் என்று மரம் வரைந்து கொடுப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். இதுவரை ஒரு நோயாளியைக்கூட நேரில் பார்த்ததில்லை. கூட்டம் எனக்கு ஆகாது, பயணம் அதைவிட ஆகாது. அப்படிப்பட்டவன் போன மாதம் மும்பைக்குப் போய் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். வந்ததிலிருந்து நன்றாகத் தூக்கம் வருகிறது. அந்த நிம்மதியில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போனதற்குக் காரணம் என் சித்தி மகள் முத்துச்செல்வி. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்குப் போனவள். புருஷன் மாடசாமியும் அவளுமாக விடியற்காலையில் இட்லி அவிப்பார்கள். அவன் அதைச் சைக்கிளில் வைத்து மாஹிம் வரை கொண்டுபோய் விற்பான். ஒரு நாள் ஆபீசில் இருக்கும்போது போன் செய்தாள்.

"அண்ணே, எங்க இட்லிய நாய்கூட சீந்த மாட்டேங்கு. ஊர்க் கொடைக்குப் போயி அம்மையக் கொண்டாந்துட்டோம்னு கல்லி பூரா பேச்சு. கோலியக் காலி பண்ணுங்கன்னு கமிட்டிக்காரவ சொல்லுதாவ. நீங்க அந்த வைரஸத்தான பாக்கிய? எங்க மேல தப்பு இருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்லிருங்க. இருந்தா நாங்களே போயிருதோம்."

கல்லி என்றால் சந்து. கோலி என்றால் அவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறை. கமிட்டி அந்தச் சந்துக்காரர்களின் சங்கம். நடந்தது இதுதான்: கோயில் கொடைத் திருவிழாவுக்காக ஊருக்குப் போயிருந்தார்கள். அப்போது ஊரில் சில பிள்ளைகளுக்குத் தட்டம்மை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குத் திரும்பினார்கள். பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, அவள் மகள் இசக்கிக்கு மேலெல்லாம் தடிப்பு. அதற்குப் பிறகு அந்தச் சந்தில் வரிசையாக ஒன்பது பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. ஒரு குழந்தை நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தது.

போனை வைத்ததும் எனக்கு வந்த முதல் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். இவள்தான் கொண்டுபோயிருப்பாள் என்றே நினைத்தேன். அந்தக் கிராமத்துப் பிள்ளைகளின் சளி மாதிரிகளைப் படித்ததே எங்கள் ஆய்வுக்கூடம்தான். தாராவி மாதிரிகள் செம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தன. இரண்டையும் ஒரே மரத்தில் ஏற்றும் வேலை எப்படியும் எங்களுக்கு இருந்தது. வழக்கமாக மின்னஞ்சலிலேயே முடித்துவிடுவோம். நானே நேரில் போகிறேன் என்றதும் மேலதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

தாராவிக்குப் பக்கத்தில் மாட்டுங்காவில் தங்கினேன். முதல் நாள் காலையில் சாலையோரம் கால் மணி நேரம் ஆட்டோவுக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றேன். பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் பொறுக்க முடியாமல், "இங்க ஆட்டோவே கிடையாது சார், டாக்சிதான். மதராஸா?" என்றாள். நம் ஊரில் ஆட்டோக்காரர் வர மாட்டேன் என்பார். அங்கே அவருக்கு வரவே அனுமதி இல்லை. அங்குள்ள ஓட்டலில் இட்லி சாப்பிட்டேன். குறை சொல்ல முடியாத இட்லி. குறை சொல்லலாம் என்று ஆவலோடு போனவனுக்கு அது ஏமாற்றம்தான்.

செல்வி வீட்டுச் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். என்னை அழைத்துப் போக அவள் சந்து முனைக்கு வந்திருந்தாள். நாங்கள் உள்ளே நடக்க நடக்க, வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. செல்வியும் தலை நிமிராமல் நடந்தாள். எனக்குத்தான் காது சுட்டது.

இசக்கிக்கு எட்டு வயது. குணமாகித் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். என்னிடம் பேசியதில் பாதி இந்தி. இட்லிக் கொப்பரைகள் மூலையில் கவிழ்ந்து கிடந்தன.

"முன்ன விடியுமுன்ன எட்டு ஈடு எடுப்போம். இப்ப ரெண்டு ஈடு. அதுவும் மிஞ்சுது," என்றாள் செல்வி. "ஊசி ஒண்ணுதான் போட்டிருந்தோம் அண்ணே. ரெண்டாவது ஊசி விட்டுப்போச்சு. தடிப்பு கண்ட அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். மறைக்கல. மறைச்சிருந்தா இந்தப் பேரு வந்திருக்காது போல."

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை அழுதது. அது பேச்சியின் வீடு. அப்பளம் உருட்டிக் கொடுத்துச் சம்பாதிப்பவள் பேச்சி. செல்வியோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவள். கமிட்டியில் இவர்களைக் காலி பண்ணச் சொல்லி முதலில் குரல் கொடுத்தவளும் அவள்தானாம். அவளுடைய ஆறு வயது மகனுக்கும் அம்மை கண்டிருந்தது.

மறுநாள் செம்பூருக்கு ரயிலில் கிளம்பினேன். குர்லாவில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். குர்லா வந்தது, போனது. என்னால் அசையத்தான் முடியவில்லை. அடுத்த ஸ்டேஷனான வித்யாவிஹாரில் கூட்டமே என்னைப் பிதுக்கி வெளியே தள்ளியது. "குர்லாவில் இறங்கணும்னா முந்தின ஸ்டேஷன் சயானிலேயே சண்டையை ஆரம்பிக்கணும்," என்று இந்தியில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார் என்பது புரியுமளவுக்கு எனக்கு இந்தி தெரியும். கோபத்தில் அங்கேயே நின்று இரண்டு வடாபாவ் சாப்பிட்டேன். பச்சை மிளகாய் அந்தக் கோபத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டது.

செம்பூர் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் வித்யா காத்திருந்தார். மூன்று தலைமுறையாக மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கிற குடும்பம். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. மூன்று வாக்கியத்துக்கு ஒரு முறை 'மத்லப்' என்பார். 'அதாவது' என்று அர்த்தம்.

"சாம்பிள்லாம் மெஷின்ல இருக்கு சார், நாளன்னிக்குத்தான் ரிசல்ட். மத்லப், இன்னிக்கு நீங்க தேதிதான் பாக்கலாம். வாலண்டியர் வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதினது," என்று ஒரு பட்டியலைக் கொடுத்தார்.

பட்டியலில் முதல் பெயர் இசக்கி. வெள்ளிக்கிழமை. பேச்சியின் மகன் அதற்கு நாலு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை. மற்ற பிள்ளைகள் எல்லாரும் அதற்கும் பிறகு. காகிதத்தில் இருப்பதை நம்பினால், செல்விதான்.

ஆனால் தொழில் புத்தி என்று ஒன்று இருக்கிறதே. தட்டம்மைக் கிருமி ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குத் தாவினால், உள்ளே போய்ப் பெருகி, மேலில் தடிப்பாகத் தெரியப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். நாலு நாளில் வராது. அப்படியென்றால் பேச்சியின் மகனுக்கு இசக்கியிடமிருந்து வந்திருக்க முடியாது. இல்லையென்றால் இந்தத் தேதிகளில் ஏதோ கோளாறு.

"நானும் அதத்தான் யோசிச்சேன்," என்றார் வித்யா. "ஆனா அம்மாக்கள் சொன்னது இதுதான். வாலண்டியர் ரொம்பக் கெட்டி சார், தப்பா எழுத மாட்டா."

அந்த வாலண்டியரின் பெயர் சாயா. மராட்டிப் பெண்மணி. சந்தில் எல்லாரும் 'தாய்' என்று கூப்பிட்டார்கள். மராட்டியில் அக்கா என்று பொருளாம். மூன்றாம் நாள் காலையில் அவரோடு வீடு வீடாகப் போனேன். அவர் இந்தியில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன். முதல் வீட்டில், "பிள்ளைக்கு எப்ப வந்துச்சு?" என்று கேட்டதும் அந்த அம்மாள் சட்டென்று ஒரு கிழமையைச் சொன்னாள். வெள்ளி. இரண்டாவது வீட்டில் செவ்வாய். மூன்றாவதில் ஞாயிறு, நான்காவதில் மறுபடியும் செவ்வாய்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். திங்களும் புதனும் வியாழனும் சனியும் எங்கே போயின? வைரஸ் நல்ல நாள் பார்த்து வருமா?

திருநெல்வேலிக்காரன் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு அது உறைக்க நாலு வீடு ஆயிற்று, வெட்கம்தான். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு என்பவை அம்மை கண்ட பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாட்கள். ஆத்தா வந்த நாளை வாயால் சொல்வது இந்தச் சந்தில் வழக்கமில்லை. சொன்னால் அவளிடம் கணக்குக் கேட்பது மாதிரி ஆகிவிடுமாம். மூன்றாம் தண்ணீர் ஊற்றி, ஆத்தாவை அனுப்பிவைத்த நாளைத்தான் சொல்வார்கள். சாயா கேட்டதற்கு அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குச் சொல்லக்கூடிய நாள் எதுவோ அதைச் சொன்னார்கள். இசக்கியின் தேதி மட்டும் ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து எடுத்தது. அதனால்தான் அவள் வரிசையில் முதலில் போய் நின்றாள்.

சாயாவிடம் என் ஓட்டை இந்தியில் இதை விளக்கினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பதினைந்து வருஷமா இந்தக் கல்லியில நடக்கிறேன், ஒருத்தியும் சொல்லலியே!" என்றார் இந்தியில். பிறகு, "அப்போ வந்த நாளை எப்படிக் கேட்கிறது?" என்றார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அம்மை இருக்கிற வீட்டில் தாளிக்க மாட்டார்கள். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. முதல் வீட்டுக்கே திரும்பிப் போய், "எந்த நாள்லருந்து தாளிக்கல?" என்று கேட்டேன். அது சமையல் விஷயம், சாமி விஷயம் அல்ல. அந்த அம்மாள் விரல் விட்டுப் பார்த்து, "புதங்கிழம அண்ணாச்சி. கருவாடு வாங்கிட்டுப் பொரிக்காமக் குடுத்துட்டேன்," என்றாள். சாயா சிரித்துக்கொண்டே எழுதினார். வீட்டுக்கு வீடு தேதிகள் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று முன்னதாக நகர்ந்தன.

பேச்சியின் வீட்டில் மட்டும் அந்தக் கேள்வி பலிக்கவில்லை. இடுப்பில் எட்டு மாதக் குழந்தையோடு நின்றவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே, நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது தெரிந்தது. "ஞாவகம் இல்ல," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

செல்வியிடம் வந்து உட்கார்ந்தேன். அவள் தட்டில் இட்லி வைத்துச் சட்னி ஊற்றினாள். இந்த இட்லியைத் தின்றால் அம்மை வரும் என்று சொன்னவர்களை நினைத்து இரண்டு இட்லி அதிகமாகவே சாப்பிட்டேன். தேதி கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே," என்றாள் மெதுவாக. "நாங்க ஞாயித்துக்கிழம வந்தோம்லா. செவ்வாக்கிழமையிலருந்து பேச்சி வீட்டுல தாளிப்பு வாசன இல்ல. நடுவுல பலகைதான, எனக்குத் தெரியாதா? கையில காசு இல்ல போலன்னு நெனச்சு அன்னிக்கு அவளுக்குக் கொழம்பு கொண்டுபோய்க் குடுத்தேன். இசக்கிதான் கொண்டுபோனா. அந்தப் பயகூட ராத்திரி வரைக்கும் வெளாடிட்டு வந்தா."

மனக்கணக்காகவே போட்டுப் பார்த்தேன். செல்வி ஊரிலிருந்து வந்த இரண்டாம் நாளே அந்தப் பையனுக்குத் தடிப்பு என்றால், கிருமி அவன் உடம்பில் ஏறியபோது செல்வி குடும்பம் திருநெல்வேலியில் இருந்திருக்கிறது. அவனுக்கு வந்து பத்தாம் நாள் இசக்கிக்கு. பதினான்காம் நாள் அவனுக்கு மூன்றாம் தண்ணீர். பட்டியலில் இருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை அதுதான். எல்லாம் பொருந்தியது. ஆனால் இது பலகை வழியே வந்த வாசனையை வைத்துப் போட்ட கணக்கு. யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மரம் வேறு மாதிரி சொல்லிவிட்டால் எல்லாம் கவிழ்ந்துவிடும்.

நாலாம் நாள் செம்பூருக்கு டாக்சியிலேயே போனேன். ரயிலோடு மறுபடி மல்லுக்கட்டத் தெம்பில்லை.

மரம் என்கிறேனே, அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வைரஸ் தன்னைத் தானே பிரதி எடுத்துப் பெருகும்போது அங்கங்கே எழுத்துப் பிழை விடும். அந்தப் பிழையோடுதான் அதன் வாரிசுகள் எல்லாம் பிறக்கும். எங்கள் குடும்ப ரேஷன் கார்டில் ஒரு காலத்தில் கதவு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்து எழுதிய அப்பாவின் அட்டையில், என் அட்டையில், என் தம்பி மகன் அட்டையில் எல்லாம் அதே தப்பு எண். எங்கே போய் அந்த எண்ணைப் பார்த்தாலும் இது நம்ம ஆள் என்று சொல்லிவிடலாம். வைரஸ்களை நான் அப்படித்தான் அடையாளம் காண்கிறேன். ஒரே பிழையைச் சுமக்கிறவை பங்காளிகள். பிழைகள் சேராதவை தூரத்து உறவு.

வித்யா திரையைத் திருப்பினார். தாராவிச் சந்தின் மாதிரிகள் ஒரே கிளையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இசக்கியுடையதும் அதில்தான் இருந்தது. பக்கத்திலேயே ஒட்டியிருந்தவை மும்பையிலேயே தேவ்நார்ப் பக்கம் கொஞ்ச நாள் முன்னால் எடுத்த மாதிரிகள். நான் சென்னையிலிருந்து கொண்டுபோன கோப்பில் இருந்த எங்கள் கிராமத்து வைரஸ் எங்கே என்று தேடினேன். மரத்தின் அந்தக் கோடியில், வேறொரு கிளையில் தனியாக நின்றது.

"சார், நாம படிக்கிறது வைரஸோட சின்னத் துண்டுதான்," என்றார் வித்யா. "மத்லப், ரெண்டு ஒரே மாதிரி இருந்தா யார் யாருக்குக் குடுத்தான்னு சொல்லவே முடியாது. ஆனா இவ்வளவு வித்தியாசமா இருந்தா, அதுலேர்ந்து இது வரலேன்னு தைரியமாச் சொல்லலாம். உங்க சிஸ்டர் ஊர்லேர்ந்து கொண்டு வரலே."

நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். எத்தனையோ மரம் வரைந்திருக்கிறேன், ஒரு மரத்தைப் பார்த்துக் கண் கலங்கியது இதுதான் முதல் தடவை. வித்யா காபி கொண்டுவரச் சொன்னார். அந்தக் காபி சுமார்தான். அன்றைக்கு எனக்கு அது அமிர்தமாக இருந்தது.

மறுநாள் காலையில் அந்தச் சந்திலேயே தடுப்பூசி முகாம். கமிட்டிக்காரரிடம் பேசி, முகாமுக்கு முன்னால் நான் பத்து நிமிஷம் பேச ஏற்பாடாகியிருந்தது. கூட்டம் ஆகாதவனுக்குக் கூட்டத்தில் பேச்சு! செல்வி வீட்டுக்குப் போய் முடிவைச் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது அவள் என்னை வாசலில் மறித்தாள்.

"ஊர்லருந்து வரலன்னு மட்டும் சொல்லுங்க. பேச்சி பேர எடுத்துராதிய."

"அவதானே உன்னைக் காலி பண்ணச் சொன்னது?"

"ஆமா. இன்னிக்கு நான், நாளைக்கு அவளா? அப்பளம் உருட்டுதவ கையில அம்மைன்னா யாரு வாங்குவா? கைப்பிள்ளைய வச்சிருக்கா. அவ பயந்து மறைச்சா, அவ்வளவுதான். அது எங்கிருந்து அவ பயலுக்கு வந்துச்சோ, அவளுக்கு என்ன தெரியும்?"

அறிவியலும் அதைத்தான் சொல்கிறது என்று அவளிடம் சொன்னேன். மரம் உறவைக் காட்டும், ஆளைக் காட்டாது. பேச்சி மகனுக்கு முன்னால் நாம் கேள்விப்படாத பிள்ளைகள் எத்தனையோ இருந்திருக்கலாம். சரி, பெயரைச் சொல்லவில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனேன்.

ரேஷன் கார்டு கதையையே கூட்டத்திலும் சொன்னேன். நன்றாக எடுபட்டது. எல்லார் கார்டிலும் ஏதோ ஒரு தப்பு இருந்தது. இந்த அம்மை திருநெல்வேலியிலிருந்து வரவில்லை, இந்த ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த கிருமி, முத்துச்செல்வி வீட்டுக்கும் மற்ற வீடுகளுக்கு வந்தது போலத்தான் வந்தது, விட்டுப்போன ஊசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று முடித்தேன். கமிட்டிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்ப காலி பண்ற பேச்சு இல்ல," என்றார். நான் மேடையில்லாத மேடையிலிருந்து இறங்கப் பார்த்தேன்.

"அதெல்லாம் சரி அண்ணாச்சி," என்றார் கூட்டத்தில் ஒருவர். "அப்ப மொதல்ல யாரு வீட்டுல வந்துச்சு?"

செல்வியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கினார்கள். சாயா நோட்டைப் புரட்டுவது போலப் பாவனை செய்தார்.

"எங்க வீட்டுல," என்றது ஒரு குரல்.

பேச்சி முன்னால் வந்தாள். குழந்தை அவள் தோளில் இருந்தது. "எம் மவனுக்குத்தான் மொதல்ல வந்தது. செவ்வாக்கிழம. இவ ஊர்லருந்து வந்து ரெண்டாம் நாளு. நாந்தான் சொல்லல. இவ கொழம்பு கொண்டாந்தா, அத வாங்கி உள்ள வச்சுட்டு, இவ பேர நானே கெடுத்தேன்." பிறகு சாயாவின் பக்கம் திரும்பி இந்தியில், "எழுதிக்கோ தாய். வந்த நாள் செவ்வாய்," என்றாள்.

வந்த நாளை வாய் விட்டுச் சொல்லிவிட்டாள். கூட்டத்தில் ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாரும் கத்தவில்லை. சாயா எழுதிக்கொண்டார். அப்புறம் பின்னாலிருந்து ஒரு பெண், "எம் பிள்ளைக்கும் நாளு சரியாப் போட்டிருக்கான்னு பாரு தாய்," என்று முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள்.

ஊசி போடத் தொடங்கினார்கள். அம்மை பரவும் இடங்களில் கைக்குழந்தைகளுக்கும் முன்கூட்டியே ஒரு ஊசி உண்டு என்று நர்ஸ் சொன்னதும் பேச்சி தயங்கி நின்றாள். குழந்தை அழுவதை அவளால் பார்க்க முடியாதாம். அவள் மாமியார் ஊரில், புருஷன் வேலையில். நர்ஸ் யாராவது பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

செல்வி போய் அவள் எதிரில் நின்று இரண்டு கையையும் நீட்டினாள்.

"பிள்ளைய இங்க தா. நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

பேச்சி ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு குழந்தையைக் கொடுத்தாள். ஊசி குத்தி, அது வீறிட்டு அழுது, அழுகை ஓய்ந்து தூங்கும்வரை செல்வியின் மடியிலேயே கிடந்தது.